டோரண்டா, சந்தாவா, டிஸ்க்கா: பார்க்க வேண்டிய தொடர் கைக்கு எட்டாதபோது

கடந்த ஓராண்டில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதலாமவர் ஒரு தொடரின் மூன்று சீசன்களைச் சந்தா கட்டி ஒழுங்காகப் பார்த்தவர். நாலாவது சீசன் வந்தபோது அது வேறொரு ஓடிடிக்குப் போய்விட்டது. "எட்டு எபிசோடுக்காக இன்னொரு சந்தாவா? டோரண்டில் எடுத்தால் என்ன தப்பு?" என்றார். இரண்டாமவர் பார்க்க ஆசைப்பட்ட தொடர் அவர் இருக்கும் நாட்டில் எந்தத் தளத்திலும் இல்லை. காசு கொடுக்க அவர் தயார், வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. மூன்றாமவர் தேடியது, சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்த ஒரு பழைய தொடர். அதை இன்று யாருமே விற்பதில்லை.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "திருட்டு திருட்டுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். "எல்லாரும்தானே செய்கிறார்கள்" என்று தோளைத் தட்டியும் அனுப்பலாம். இரண்டிலும் கேட்டவருக்கு எந்த உதவியும் இல்லை. அதனால் முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து எடை போட்டுப் பார்த்தேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் சட்டம். இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு கோப்பை எடுத்துக்கொள்வது வேறு, அதை மற்றவருக்குக் கொடுப்பது வேறு. பல நாடுகளில் இந்த இரண்டுக்கும் தனித்தனி விதி, தனித்தனி தண்டனை.

இரண்டாவது, காசு யாருக்குப் போகிறது. எழுதியவர், நடித்தவர், படத்தொகுப்பு செய்தவர் வரை ஏதாவது போய்ச் சேருகிறதா, நடுவிலேயே நின்றுவிடுகிறதா?

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். காசு கொடுத்துப் பார்க்க ஒரு கதவு திறந்திருக்கிறதா? திறந்திருந்தும் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறோமா, கதவே இல்லாத சுவரின் முன் நிற்கிறோமா? சட்டம் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. மனசாட்சி கண்டுகொண்டே ஆக வேண்டும்.

அப்புறம், கையில் நிற்குமா என்பது. இன்று பார்த்ததை ஐந்து வருடம் கழித்தும் பார்க்க முடியுமா? கடைசியாக, மறைந்திருக்கும் செலவு: கணினியின் பாதுகாப்பு, நேரம், வீட்டில் வேறு யார் தலையிலாவது வந்து விழும் சிக்கல்.

இந்த அளவுகோல்கள் எப்போதும் ஒரே பக்கம் கை காட்டாது. பழைய டிவிடி ஒன்றை இன்னொருவரிடமிருந்து வாங்கினால் சட்டப்படி எந்தக் குறையும் இல்லை, ஆனால் படைத்தவர்களுக்கு ஒரு காசு கூடப் போவதில்லை. விபிஎன் (இணையத்தில் நாம் வேறொரு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் சேவை) வைத்து வெளிநாட்டுச் சந்தாவில் பார்த்தால் ஒப்பந்தத்தை மீறுகிறோம், ஆனால் காசு போய்ச் சேருகிறது. சட்டமும் நியாயமும் பெரும்பாலும் கைகோத்துப் போகும். பிரியும் இடங்களில்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

## டோரண்ட்

டோரண்டுக்கு அடிப்படை, பிட்டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை. பிராம் கோஹன் என்ற நிரலாளர் 2001-ல் அதை வெளியிட்டபோது அவர் தீர்க்க நினைத்த சிக்கல் எளிமையானது. ஒரு பெரிய கோப்பை ஒரே சர்வரிலிருந்து ஆயிரம் பேர் இழுத்தால் சர்வர் படுத்துவிடும். கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, துண்டு கிடைத்தவர் கிடைக்காதவருக்குக் கொடுக்கட்டும் என்று அவர் வைத்தார். கூட்டம் கூடக் கூட வேகமும் கூடும். அருமையான ஏற்பாடு அது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பதிப்புகள் இன்றும் இப்படிப் பகிரப்படுகின்றன. இந்தத் தொழில்நுட்பத்தில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் அதன் அடிப்படையே, இறக்குகிற எல்லாரும் கூடவே ஏற்றவும் செய்கிறார்கள் என்பதுதான்.

இதை ஒரு நண்பரின் கணினியில் நேரிலேயே காட்ட வேண்டி வந்தது. "நான் டவுன்லோடு மட்டும்தான் செய்கிறேன், யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை" என்று அவர் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு தொடரின் முழு சீசன் இறங்கிக்கொண்டிருந்தது. திரையின் கீழே, அதே கோப்பைப் பகிர்கிறவர்களைக் காட்டும் 'பியர்ஸ்' என்ற பகுதியைத் திறக்கச் சொன்னேன். வரிசையாக ஐபி முகவரிகள், அதாவது ஒவ்வொருவரின் இணைய இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நாட்டுக் கொடி, அந்த முகவரிக்காரர் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர், கோப்பில் எத்தனை சதவீதம் அவரிடம் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு. ஓரத்தில் இரண்டு கட்டங்கள்: வருவது எவ்வளவு, போவது எவ்வளவு. நண்பருக்கு வந்தது 62 சதவீதம். அவரிடமிருந்து போனது 400 எம்பிக்கு மேல். அவர் இன்னும் பார்க்கவே ஆரம்பிக்காத எபிசோடுகள் முன்பின் தெரியாத பதினோரு பேருக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர்களுடைய முகவரி இவருக்குத் தெரிகிற மாதிரியே இவருடையது அவர்களுக்கும் தெரியும். உரிமைதாரர் அமர்த்திய கண்காணிப்பு நிறுவனமும் அதே பட்டியலில் ஒருவராக நுழைந்து, எல்லா முகவரிகளையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளலாம். அப்படித்தான் குறித்துக்கொள்கிறார்கள்.

"ஒவ்வொருவருக்கும் சின்னச் சின்னத் துண்டுதானே போகிறது, அதை வைத்து யாரும் எதையும் பார்க்க முடியாதே" என்று ஒரு வாதம் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 ஜூனில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. துண்டு தனியாக எதற்கும் உதவாவிட்டாலும், மென்பொருள் தானாகவே அனுப்பினாலும், அது எப்படி வேலை செய்யும் என்று தெரிந்து அதைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டவர் படைப்பைப் பொதுவில் வைத்தவர்தான் என்பது அந்தத் தீர்ப்பு.

நாட்டுக்கு நாடு விதி எவ்வளவு மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் சொந்தப் பயனுக்காகப் பதிவிறக்குவது இன்றும் குற்றமில்லை. 2020-ல் சட்டத்தைத் திருத்தியபோதும் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். ஆனால் பகிர்வது அங்கும் சட்டவிரோதம், டோரண்டில் வழக்கமாகப் பகிர்வும் சேர்ந்தே நடக்கிறது. நெதர்லாந்தும் அதே மாதிரிதான் இருந்தது. சட்டவிரோத மூலத்திலிருந்து எடுத்த நகலுக்கு, சொந்தப் பயனுக்கு நகல் எடுக்கச் சட்டம் தரும் விலக்கு பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 ஏப்ரலில் சொன்னதும் அங்கே கதவு மூடிவிட்டது. ஜப்பானில் 2012 அக்டோபரிலிருந்து, சட்டவிரோதமானது என்று தெரிந்தே பதிவிறக்குவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று விதி வந்தது. அமெரிக்காவில் உரிமைதாரர் வழக்குப் போட்டால் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை கேட்கலாம். வேண்டுமென்றே செய்தது என்று நிரூபித்தால் அது 1,50,000 டாலர் வரை போகும். கனடாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு, லாப நோக்கம் இல்லாத மீறலுக்கு மொத்தமே 100 முதல் 5,000 கனடா டாலர் வரைதான். இந்தியாவின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 63-வது பிரிவில், தெரிந்தே மீறுகிறவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம்.

வழக்கு வருகிறதோ இல்லையோ, கடிதம் வரும் நாடுகள் உண்டு. ஜெர்மனியில் வழக்கறிஞர் அலுவலகங்களே எச்சரிக்கைக் கடிதமும் கட்டணக் கணக்கும் சேர்த்து அனுப்புகின்றன. அந்தக் கடிதம் போவது இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. பதிவிறக்கியது மகனாக இருக்கலாம், அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பராக இருக்கலாம். கையில் கடிதத்தோடு நிற்பது வேறொருவர். இணைப்பு இன்னொருவர் பெயரில் இருக்கும் வீட்டில் டோரண்ட் ஓட்டுவதை அவரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்று நான் நினைக்கிறேன். இது பதிப்புரிமை விஷயம்கூட இல்லை. கூட இருப்பவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

இனி நியாயம். நகல் எடுப்பதை நான் திருட்டு என்று சொல்வதில்லை. ஒருவர் பொருளை எடுத்துவிட்டால் அவரிடம் அது இருக்காது. கோப்பை நகல் எடுத்தால் அது அங்கேயே இருக்கிறது. "எப்படியும் காசு கொடுத்துப் பார்த்திருக்க மாட்டேன், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை" என்ற வாதத்தில் பாதி உண்மையும் உண்டு. மீதிப் பாதி, தொடர்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதில் இருக்கிறது.

2023-ல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் கிடைத்தவற்றில் ஒன்று: பெரிய பட்ஜெட்டில் எடுக்கப்பட்ட ஸ்ட்ரீமிங் தொடரை, வெளியான முதல் 90 நாளில், உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேருக்குச் சமமான அளவு பார்த்தால் எழுதியவர்களுக்குக் கூடுதல் தொகை. டோரண்டில் பார்த்தவர் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அவர் தொடரை எவ்வளவு நேசித்தாலும், பத்துப் பேரிடம் புகழ்ந்தாலும், அடுத்த சீசன் எடுக்கலாமா என்று முடிவு செய்கிறவர் முன்னால் இருக்கும் தாளில் அவர் இல்லை.

இதற்கு எதிராக எல்லாரும் எடுத்துக்காட்டுவது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. அதிகமாக டோரண்டில் பகிரப்படும் தொடர் என்ற பெயர், எம்மி விருதைவிட மேல் என்று, அதை ஒளிபரப்பிய எச்பிஓ-வின் தாய் நிறுவனமான டைம் வார்னரின் தலைமை அதிகாரி ஜெஃப் ப்யூக்ஸ் 2013-ல் சொன்னார். அவர் சொல்லலாம். அந்தத் தொடருக்குக் காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். முதல் சீசனோடு நிறுத்தப்படும் சின்னத் தொடரின் எழுத்தாளர் அப்படிச் சொல்ல மாட்டார். நாம் கண்டெடுத்து நேசிக்கும் தொடர் சின்னதாக இருந்தால், நம் ஒரு சந்தாவின் எடை அங்கே அதிகம்.

டோரண்ட் சரியான தேர்வாகும் இடங்கள்: படைத்தவரே திறந்த உரிமத்தில், அதாவது யாரும் பகிரலாம் என்று, வெளியிட்டவை, பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் தானே டோரண்டாகத் தருபவற்றில் உரிமை திறந்திருப்பவை. இவற்றுக்கு வெளியே ஒரே ஒரு சிக்கலான இடம் இருக்கிறது. யாருமே விற்காத தொடர். அதற்குத் தனியாக வருகிறேன்.

## திருட்டு ஸ்ட்ரீமிங் தளங்கள்

டோரண்டுக்குப் பயந்தவர்கள் வந்து சேரும் இடம் இது. இங்கே நாம் எதையும் ஏற்றுவதில்லை, அதனால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் 2017 ஏப்ரல் தீர்ப்புக்குப் பிறகு, சட்டவிரோத மூலம் என்று தெரிந்தே ஸ்ட்ரீம் செய்வதற்கும் சட்டப் பாதுகாப்பு இல்லை. நியாயத்தில் இது டோரண்டைவிட ஒரு படி கீழே. டோரண்டில் பகிர்கிறவர் பெரும்பாலும் எதையும் சம்பாதிப்பதில்லை. இந்தத் தளங்களோ விளம்பரத்தில் சம்பாதிக்கின்றன. நாம் பார்க்கும் ஒவ்வொரு எபிசோடும் வேறு யாருக்கோ வருமானம், படைத்தவருக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேல், 'பிளேயரைப் புதுப்பிக்கவும்' என்று வரும் போலிப் பொத்தான்கள், தானாகத் திறக்கும் சூதாட்டப் பக்கங்கள், அறிவிப்பு அனுமதி கேட்கும் பெட்டிகள். எந்தச் சூழ்நிலையிலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## சந்தாவோடு விபிஎன்

இரண்டாமவர் மாதிரியானவர்களுக்கு முதலில் தோன்றும் வழி இது. தொடர் ஓடும் நாட்டின் தளத்தில் காசு கட்டி, விபிஎன் வழியாக அந்த நாட்டில் இருப்பதுபோல் பார்ப்பது.

தொடர்களின் உரிமம் நாடு நாடாக விற்கப்படுகிறது. ஒரு நாட்டுக்கு வாங்கிய தளத்துக்கு இன்னொரு நாட்டில் காட்ட உரிமை இல்லை. அதனால்தான் நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில், விபிஎன் வழி வருகிறவர்களைத் தடுக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலான நாடுகளில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை, சில நாடுகளில் அதற்கே கட்டுப்பாடு உண்டு. பொதுவாக நாம் மீறுவது தளத்தின் விதிமுறையை. நிறுவனம் கணக்கை முடக்கலாம். அதோடு, வெளிநாட்டு அட்டையை ஏற்காத தளங்கள் இருப்பதால் காசு கட்டுவதே ஒரு போராட்டமாகிவிடும்.

நியாயத்தின் தராசில் இது டோரண்டைவிட எவ்வளவோ மேல். காசு போகிறது, பார்த்தது கணக்கில் ஏறுகிறது. ஒரு குறை உண்டு: நம் நாட்டில் பின்னால் அதை வாங்கி வெளியிட நினைப்பவருக்கு இங்கே பார்வையாளர்கள் இருப்பது தெரியாமல் போகும். இலவச விபிஎன்களிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. நம் இணையப் போக்குவரத்து முழுவதும் அவர்கள் வழியாகப் போகிறது. காசு வாங்காமல் அதை நடத்துகிறவர் எதை விற்றுச் சம்பாதிக்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயணத்தில் இருப்பவர்களுக்கு இது பல நேரம் தேவையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், 2018 ஏப்ரலிலிருந்து, ஒரு நாட்டில் கட்டிய சந்தாவைத் தற்காலிகமாக இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போகும்போதும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்பது சட்டமே.

## சந்தா

சட்டச் சிக்கல் இல்லை, காசு போகிறது, வசன வரிகள் ஒழுங்காக இருக்கும். முதலாமவரின் கோபமும் நியாயமானதுதான். ஒரே தொடருக்கு இரண்டு இடத்தில் காசு கட்டச் சொல்வது பார்வையாளரை மதிக்கும் செயலில்லை. ஆனாலும் அவர் முன் கதவு திறந்தே இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, எட்டு எபிசோடையும் பார்த்து, அன்றே ரத்து செய்துவிடலாம். சந்தா கட்டிய அதே நாளில் ரத்து செய்தாலும் பெரும்பாலான தளங்களில் அந்த மாதம் முடியும்வரை பார்க்க முடியும். மறந்துபோய் ஏழு மாதம் கட்டிக்கொண்டே இருப்பதுதான் சந்தாவின் உண்மையான மறைமுகச் செலவு.

இன்னொரு செலவு, தொடர் காணாமல் போவது. 'வில்லோ' தொடர் 2022 நவம்பர் இறுதியில் டிஸ்னி பிளஸ்ஸில் வெளியானது. 2023 மே மாதம் அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தத் தளத்துக்காகவே எடுக்கப்பட்ட தொடர், ஆறு மாதத்தில் அங்கே இல்லை. 'வெஸ்ட்வேர்ல்டு'ம் 2022 டிசம்பரில் எச்பிஓ மேக்ஸிலிருந்து போனது. சந்தாவில் நமக்கு எதுவும் சொந்தமில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் தளத்துக்கே சொந்தமான தொடர்கூடப் போய்விடும் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை.

## வாங்குவது

'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திக் கடையில் வாங்கும் டிஜிட்டல் பிரதியும், கையில் பிடிக்கும் டிஸ்க்கும் ஒன்று இல்லை. 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் வாடிக்கையாளர்களின் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. எதிர்ப்பு எழுந்து, உரிமம் புதுப்பிக்கப்பட்டு, அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் நாம் வாங்கியது வெறும் அனுமதி என்பது அன்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியாவில், இப்படி விற்கும் கடைகள் 'இது உரிமம் மட்டுமே' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதை எல்லா இடத்திலும் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

டிஸ்க் அப்படியில்லை. வாங்கினால் நம்முடையது. கடன் கொடுக்கலாம், விற்கலாம். உரிமம் முடிந்துவிட்டது என்று யாரும் வீட்டுக்கு வந்து எடுத்துப்போக முடியாது. சிக்கல்கள் வேறு மாதிரி. டிவிடிகளில் மண்டலக் குறியீடு உண்டு, உலகின் எந்தப் பகுதியில் ஓட வேண்டும் என்பதைக் குறிப்பது அது. வேறு மண்டலத்து டிஸ்க் நம் பிளேயரில் ஓடாமல் போகலாம். கணினியில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றால், நகலெடுப்பைத் தடுக்க டிஸ்கில் வைத்த டிஜிட்டல் பூட்டை உடைப்பது அமெரிக்காவில் 1998 சட்டப்படி தடை, டிஸ்க் நம்முடையதாகவே இருந்தாலும். இந்தியாவில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது.

டிஸ்கில் இருப்பது நாம் பார்த்த அதே தொடராக இல்லாமலும் போகலாம். பழைய தொடர்களில் பின்னணிப் பாடல்களுக்கு ஒளிபரப்பு உரிமை மட்டுமே வாங்கியிருப்பார்கள். டிஸ்கில் விற்கத் திரும்பவும் வாங்க வேண்டும். 1988 முதல் 1993 வரை ஓடிய 'தி ஒண்டர் இயர்ஸ்' முழுதாக டிவிடியில் வர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம்.

## பதிவு செய்வது, கடன் வாங்குவது

ஒளிபரப்பாகும்போது பதிவு செய்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-ல், ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. தொடர் இன்னும் ஏதாவது சேனலில் ஓடுகிறது என்றால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. நூலகத்தில் டிஸ்க் கிடைத்தால் கடன் வாங்குவதும் அப்படியே. தயாரித்த சேனலே தன் அதிகாரப்பூர்வ யூடியூப் பக்கத்தில் விளம்பரத்தோடு இலவசமாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். டோரண்டுக்குப் போகும் பலர் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடுவதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | சட்டம் | படைத்தவருக்குக் காசு | கையில் நிற்குமா | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| டோரண்ட் | உரிமை உள்ள தொடருக்குப் பகிர்வு பெரும்பாலும் எங்கும் மீறல் | இல்லை | நிற்கும் | வெளியே தெரியும் ஐபி, இணைப்பு யார் பெயரிலோ அவருக்குச் சிக்கல் | திறந்த உரிமம், காலம் முடிந்த படைப்புகள் |
| திருட்டு ஸ்ட்ரீமிங் | பல நாடுகளில் மீறல் | இல்லை, தளம் சம்பாதிக்கிறது | நிற்காது | தீங்கு மென்பொருள், மோசடி | யாருக்கும் இல்லை |
| சந்தாவோடு விபிஎன் | பெரும்பாலும் ஒப்பந்த மீறல் | போகும் | நிற்காது | கணக்கு முடக்கம், இரட்டைக் கட்டணம் | சொந்த நாட்டில் வெளியாகாத தொடர் |
| சந்தா | சிக்கல் இல்லை | போகும் | நிற்காது | மறந்துபோன சந்தா, நீக்கப்படும் தொடர் | புதிய தொடர்கள் |
| டிஜிட்டல் வாங்கல் | சிக்கல் இல்லை | போகும் | உறுதியில்லை | அனுமதி ரத்தாகலாம் | அவசரமாக ஒரு சீசன் மட்டும் |
| புதிய டிஸ்க் | சிக்கல் இல்லை | போகும் | நிற்கும் | மண்டலக் குறியீடு, மாறிய பாடல்கள் | திரும்பத் திரும்பப் பார்ப்பவர் |
| பழைய டிஸ்க், நூலகம் | சிக்கல் இல்லை | புதிதாகப் பெரும்பாலும் இல்லை | டிஸ்க் நிற்கும் | தேடும் நேரம் | விற்பனை நின்றுபோன தொடர் |

## யாரும் விற்காத தொடர்

பிபிசி தன் பழைய ஒளிநாடாக்களைத் துடைத்துத் திரும்பப் பயன்படுத்திய காலம் ஒன்று உண்டு. 1960களின் 'டாக்டர் ஹூ' எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்றுவரை காணவில்லை. ஆனால் காணாமல் போன ஒவ்வொரு எபிசோடின் ஒலியும் இருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள். யாரும் அனுமதி கொடுத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. 2013-ல் நைஜீரியாவின் ஜாஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிலிருந்து ஒன்பது எபிசோடுகள் மீண்டும் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. அமெரிக்காவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1979-லிருந்து 2012-ல் இறக்கும்வரை தன் வீட்டில் தொலைக்காட்சியை இடைவிடாமல் பதிவு செய்தார். பல்லாயிரம் கேசட்டுகள். அவை இன்டர்நெட் ஆர்கைவுக்குப் போய்ச் சேர்ந்தன.

இவற்றை நினைக்கும்போது, உரிமைதாரரே விற்காமல், காட்டாமல், சில சமயம் பாதுகாக்காமலும் விட்ட ஒரு தொடரின் நகலைச் சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதை என்னால் தவறு என்று சொல்ல முடியவில்லை. இங்கே யாருடைய விற்பனையும் கெடவில்லை, சுற்றிப்போக ஒரு கதவே இல்லை. ஆனால் சட்டம் அவர்கள் பக்கம் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பெர்ன் ஒப்பந்தம் திரைப் படைப்புகளுக்குக் குறைந்தபட்சம் 50 ஆண்டுப் பாதுகாப்பு சொல்கிறது, பல நாடுகளில் அது இன்னும் அதிகம். விற்பனையில் இல்லை என்பதால் உரிமை போய்விடுவதில்லை. உரிமையாளரையே கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் விதிவிலக்கு கொண்டுவந்தது, ஆனால் அது நூலகம், ஆவணக் காப்பகம் போன்ற நிறுவனங்களுக்கு. தனிமனிதருக்கு இல்லை.

## மூவருக்கும் நான் சொன்னது

முதலாமவரிடம், ஒரு மாதம் கட்டுங்கள், பார்த்துவிட்டு நிறுத்துங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். எட்டு எபிசோடும் நாலு நாளில் முடிந்தன.

இரண்டாமவரிடம், முதலில் டிஸ்க் இருக்கிறதா என்று தேடுங்கள், மண்டலக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் காசு கட்டும் விபிஎன்னும் அந்த ஊர்ச் சந்தாவும் என்றேன். கணக்கு முடக்கப்படலாம் என்பதையும் சொன்னேன். அவர் டிஸ்கைத் தேர்ந்தெடுத்தார், வசன வரிகள் அதிலேயே இருந்ததால்.

மூன்றாமவரிடம், எதையும் தரவிறக்குவதற்கு முன்னால் அந்தத் தொடரைத் தயாரித்த சேனலுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். எந்த ஆண்டு, எந்த நேரத்தில் ஓடியது, யார் நடித்தார்கள், விலைக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதினார். இரண்டு மாதம் பதில் இல்லை. அப்புறம் ஒரு சின்ன மின்னஞ்சல் வந்தது. தங்கள் காப்பகத்தில் பாதி எபிசோடுகளின் நாடாதான் இருக்கிறது என்றும், வீட்டில் யாராவது அந்தக் காலத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டிருந்தார்கள். அம்மா சில நாட்கள் விசிஆரில் பதிவு செய்தது அவருக்கு நினைவிருக்கிறது. எழுத்து மங்கிப்போன கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.